அறமும் போரும் – 9: பூலோனில் வாசிக்கப்பட்ட மரண தண்டனைகள்

கிறித்தவ உலகில் போரைப் பற்றிய அறச் சிந்தனை இரண்டு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்ததைக் கடந்த பகுதிகள் விளக்கின. அகஸ்டினில் தொடங்கித் தாமஸ் அக்குவினாஸ் வழியாக வந்த முதல் கிளை, முறையான அதிகாரம் உடையவரே போரை அறிவிக்க வேண்டும், காரணம் நியாயமானதாக இருக்க வேண்டும், நோக்கம் நேர்மையானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு போரை ஏற்றுக்கொண்டது. இதையே நியாயப் போர்க் கோட்பாடு என்கிறார்கள். எந்த நிபந்தனையின் பேரிலும் மனிதரை மனிதர் கொல்லலாகாது என்ற இரண்டாம் கிளை, மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் போன்ற சிறு சமயக் குழுக்களிடம் மட்டும் பிழைத்திருந்தது. பிரிட்டனைப் பொறுத்தவரை, படை என்பது பெரும்பாலும் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களின் உலகமாக இருந்த காலம் முழுவதும், இந்த வாதத்தில் தான் எந்தப் பக்கம் என்று ஒரு மளிகைக் கடைக்காரரோ பள்ளி ஆசிரியரோ வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. 1916-இல் அந்தத் தேவை சட்டத்தின் வடிவில் வந்து வாசலில் நின்றது.

1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஜெர்மனி மீது போர் அறிவித்தபோது, ஐரோப்பியப் பெருநாடுகளில் கட்டாய இராணுவச் சேவை இல்லாத ஒரே நாடாகப் பிரிட்டன் இருந்தது. போர் அமைச்சர் கிச்சனரின் அழைப்பை ஏற்று முதல் 16 மாதங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமாகவே படையில் சேர்ந்தார்கள் என்றாலும், மேற்குக் களத்தின் பதுங்குகுழிகள் ஆட்களை விழுங்கிய வேகத்துக்கு அது ஈடாகவில்லை. 1916 ஜனவரியில் பிரதமர் ஆஸ்குவித் கொண்டுவந்த இராணுவச் சேவைச் சட்டம், 18 முதல் 41 வயது வரையுள்ள திருமணமாகாத ஆண்களையும் மனைவியை இழந்த, பிள்ளைகள் இல்லாத ஆண்களையும், அவர்கள் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், படையில் சேர்ந்துவிட்டவர்களாகவே கருதியது. அதே ஆண்டு மே மாதத்தில் மணமானவர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். கட்டாயச் சேவை என்பதே பிரிட்டிஷ் மரபுக்கு முரண் என்று கருதிய உள்துறை அமைச்சர் ஜான் சைமன் பதவியை விட்டு விலகினார். அயர்லாந்துக்கு இந்தச் சட்டத்தை நீட்டிக்க அரசு துணியவில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு இருந்தது. உடல்நலக் குறைவு, குடும்பத்துக்கு நேரும் கடும் துன்பம், நாட்டுக்கு இன்றியமையாத வேலை ஆகிய காரணங்களோடு, போரிடும் சேவையை மனச்சான்று ஏற்கவில்லை என்பதையும் விலக்குக் கோரும் காரணமாக அது அனுமதித்தது. முற்காலத்தில் குவேக்கர்களுக்குக் கிடைத்த சலுகைகள் அனைத்தும் ஒரு சமயக் குழுவின் உறுப்பினர் என்பதற்காகக் கிடைத்தவை. 1757-ஆம் ஆண்டின் உள்ளூர்ப் படைச் சட்டம் குவேக்கருக்கு விலக்கு அளித்ததும் அப்படித்தான், அதுவும் அவருக்குப் பதிலாக வேறொருவர் போக வேண்டும் என்ற நிபந்தனையுடன். 1916-ஆம் ஆண்டுச் சட்டம் குழுவைக் கேட்கவில்லை. தனியொருவரின் மனச்சான்றைக் கேட்டது. கடவுளை நம்பாத ஒரு சோசலிஸ்டும் அந்தப் பிரிவின் கீழ் மனுச் செய்ய முடிந்தது. அரசியல் சிந்தனை வரலாற்றில் இது மிகப் பெரிய அடி. ஆனால் அந்த அடியை எடுத்துவைத்தவர்கள், அடுத்து என்ன செய்வது என்று ஆயத்தமாக இருக்கவில்லை என்பதை அடுத்த சில வாரங்களே காட்டிவிட்டன.

மனுக்களை விசாரிக்க நாடெங்கும் ஏறத்தாழ 2,000 உள்ளூர்த் தீர்ப்பாயங்கள் அமைக்கப்பட்டன. இவற்றில் அமர்ந்தவர்கள் நீதிபதிகள் அல்லர். நகர்மன்ற உறுப்பினர்கள், வணிகர்கள், நிலக்கிழார்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் ஆகியோரே. நேற்றுவரை படைக்கு ஆள்திரட்டும் மேடைகளில் பேசியவர்கள் பலர் இன்று படைக்குப் போக மறுப்பவரை எடைபோடும் இருக்கையில் அமர்ந்தார்கள். ஒவ்வொரு தீர்ப்பாயத்திலும் இராணுவத்தின் பிரதிநிதி ஒருவர் உடனிருந்து குறுக்கு விசாரணை செய்தார். முழு விலக்கு, நிபந்தனை விலக்கு, தற்காலிக விலக்கு என மூன்று வகைகளைச் சட்டம் சொல்லியிருந்தும், வாசகத்தின் தெளிவின்மையால், மனச்சான்று மறுப்பாளருக்கு ஆயுதம் ஏந்துவதிலிருந்து மட்டுமே விலக்களிக்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று பல தீர்ப்பாயங்கள் எண்ணிக்கொண்டன. குவேக்கர்களான நாடாளுமன்ற உறுப்பினர்கள் எட்மண்ட் ஹார்வியும் ஆர்னால்டு ரவுன்ட்ரீயும் முயன்று மே மாதச் சட்டத்தில் இதைத் தெளிவுபடுத்திய பிறகும் நடைமுறை அதிகம் மாறவில்லை.

தீர்ப்பாயங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு: ஜெர்மன் சிப்பாய் ஒருவன் உன் தாயையோ சகோதரியையோ தாக்கினால் நீ என்ன செய்வாய்? தடுப்பேன் என்றால், அப்படியானால் வன்முறையை ஏற்கிறாய், உன் மறுப்பு போலி என்று மனு தள்ளுபடியானது. தடுக்க மாட்டேன் என்றால், நீ கோழை, உனக்கு மனச்சான்றே இல்லை என்று தள்ளுபடியானது. இக்கேள்வி அமைதிவாதத்தை, அதாவது எல்லாப் போரையும் அறமற்றது என்று மறுக்கும் கொள்கையை, ஒரே வீச்சில் வீழ்த்திவிடும் என்று கேட்டவர்கள் நம்பினார்கள். உண்மையில் அது இரண்டு வேறுபட்ட செயல்களை ஒன்றாகக் குழப்பியது. கண்ணெதிரே தாக்கப்படுபவரைக் காக்க ஒருவர் கையை ஓங்குவது, அவர் தாமே பார்த்து, தாமே முடிவெடுத்து, தாக்குபவனை மட்டும் நோக்கிச் செய்யும் செயல். போர்ப்படையில் சேர்வதோ, யாரை, எங்கே, எதற்காகக் கொல்வது என்ற முடிவு முழுவதையும் முன்கூட்டியே பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒருவனை, அவனும் தன்னைப் போலவே சட்டத்தால் இழுத்துவரப்பட்டவனாக இருக்கக்கூடிய நிலையில், கட்டளையின் பேரில் சுடச் சம்மதிப்பது. முதலாவதைச் சரியென்று ஏற்றுக்கொண்டே இரண்டாவதை மறுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. இந்தக் கேள்வி வீசப்பட்ட 18 வயது இளைஞர்களில் எத்தனை பேரால் இந்த வேறுபாட்டைச் சில நிமிட விசாரணையில் எடுத்துச்சொல்ல முடிந்திருக்கும் என்பது வேறு. அந்த வயதில் மனச்சான்று என்று ஒன்று இருக்கவே முடியாது என்று கூறி மனுவை ஒதுக்கிய தீர்ப்பாயங்களும் இருந்தன.

மறுத்தவர்களின் மொத்த எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் 16,000-ஐ ஒட்டிக் கணக்கிட்டார்கள். அண்மைய ஆய்வுகள் 20,000 வரை உயர்த்துகின்றன. பல லட்சக்கணக்கானோர் படையில் இருந்த நாட்டில் இது சிறு துளியே. ஆனால் அந்தச் சிறு கூட்டம் ஒரே குரலில் பேசியதாகக் கொள்ளக் கூடாது. குவேக்கர்கள், மெதடிஸ்டுகள், கிறிஸ்டடெல்பியர்கள், பிளிமத் சகோதரர்கள் எனச் சமயத்தால் மறுத்தவர்கள் ஒருபுறம். முதலாளிகளின் போரில் தொழிலாளி தொழிலாளியைக் கொல்வதா என்று கேட்ட சுதந்திரத் தொழிற்கட்சியினர் மறுபுறம். குவேக்கர்களிலேயே படைவயது ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தம் சமய மரபை மீறிப் படையில் சேர்ந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மனச்சான்று என்பது இரு திசையிலும் இழுக்கக்கூடியது.

மறுத்தவர்களுக்குள் ஏற்பட்ட ஆழமான பிளவு வேறொன்று. படைக்குள்ளேயே ஆயுதம் தொடாமல் சாலை போடவும் சுமை தூக்கவும் 1916 மார்ச்சில் உருவாக்கப்பட்ட போரிடாப் படைப்பிரிவில் சுமார் 3,400 பேர் சேர்ந்தார்கள். பத்திரிகைகள் அதைத் துணிவற்றோர் படை என்று ஏளனம் செய்தன. வேறு சிலர் குவேக்கர்கள் நடத்திய நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவில் காயமடைந்தோரைச் சுமந்தார்கள். இவர்கள் மாற்றுப் பணியை ஏற்றவர்கள். இவர்களுக்கு எதிர்நிலையில் நின்றவர்கள் முழு மறுப்பாளர்கள்: போர் இயந்திரம் ஓடுவதற்கு உதவும் எந்தப் பணியையும், அது எவ்வளவு கருணையுள்ளதாக இருந்தாலும், கட்டாயத்தின் பேரில் செய்ய மாட்டோம் என்றவர்கள். தான் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினால், அங்கே தூக்கிக்கொண்டிருந்த இன்னொருவன் துப்பாக்கியோடு களத்துக்கு அனுப்பப்படுவான். எனவே தன் கை சுத்தமாக இருப்பது ஏமாற்று என்பது அவர்களது வாதம். இந்த இரு நிலைகளுக்கும் இடையில் ஒரு மனிதர் எப்படி நகர்ந்தார் என்பதற்குக் கார்டர் காட்ச்பூல் நல்ல சான்று. 1914 முதலே ஆம்புலன்ஸ் பிரிவில் பிரான்சில் பணியாற்றிய இந்தக் குவேக்கர், தாமாக விரும்பிச் செய்த சேவை கட்டாயச் சட்டம் வந்தபின் அச்சட்டத்துக்குத் தரும் கப்பமாக மாறிவிட்டது என்று கருதி, பணியை விட்டு நாடு திரும்பி, முழு மறுப்பாளராகச் சிறை சென்றார். செயல் ஒன்றே, அதைச் சூழ்ந்த கட்டாயம் அதன் அறப்பொருளை மாற்றிவிட்டது என்று அவர் கண்டது, இந்தக் காலத்தின் மிக நுட்பமான அறத் தீர்ப்புகளில் ஒன்றாக மதிக்கத் தக்கது.

தீர்ப்பாயம் தள்ளுபடி செய்த பிறகும் படைக்கு வராதவரைக் காவல்துறை கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தி, இராணுவத்திடம் ஒப்படைத்தது. சட்டத்தின் கண்ணில் அவர் அதற்குள் சிப்பாய்; சீருடை அணிய மறுத்தால் அது கட்டளை மீறல்; கட்டளை மீறலுக்கு இராணுவ நீதிமன்றம். இங்கே இராணுவத் தலைமையில் சிலர் ஒரு வழியைக் கண்டார்கள். உள்நாட்டில் கட்டளையை மீறுபவருக்குச் சிறைதான் கிடைக்கும். எதிரியை எதிர்கொள்ளும் களப்பகுதியில் மீறுபவருக்கு மரண தண்டனை விதிக்க இராணுவச் சட்டம் இடம் கொடுத்தது. 1916 மே மாதத்தில் ஹாரிச், சீஃபோர்டு, வட வேல்ஸின் கின்மல் பார்க், யார்க்‌ஷயரின் ரிச்மண்டு கோட்டை ஆகிய இடங்களிலிருந்து மறுப்பாளர்கள் குழுக்குழுவாகப் பிரான்சுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ரிச்மண்டிலிருந்து சென்ற 16 பேரில் சண்டர்லேண்டு கால்பந்துக் குழுவின் துணை அணியில் ஆடிய நார்மன் காடியும், கோனிஸ்புரோவில் பள்ளி ஆசிரியராகவும் மெதடிஸ்ட் போதகராகவும் இருந்த பெர்ட் பிராக்கில்ஸ்பியும் இருந்தார்கள்.

பிரான்சில் அவர்கள் அனுபவித்த தண்டனைக்கு 1-ஆம் எண் களத் தண்டனை என்று பெயர். வண்டிச் சக்கரத்திலோ கம்பத்திலோ வேலியிலோ கைகால்களைக் கட்டி, ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வரை திறந்தவெளியில் நிறுத்திவைப்பார்கள். கைகளை இருபுறமும் விரித்துக் கட்டியதால் சிப்பாய்களே அதைச் சிலுவையேற்றம் என்றார்கள். இத்தண்டனை மறுப்பாளர்களுக்கென்று கண்டுபிடிக்கப்பட்டதன்று. குடித்துவிட்டுக் கலகம் செய்த சாதாரணச் சிப்பாய்களுக்கும் அது தரப்பட்டது. காவலுக்கு நின்ற சிப்பாய்கள் பலர் மறுப்பாளர்களிடம் பரிவோடு நடந்துகொண்டார்கள் என்பதை மறுப்பாளர்களே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். வெறுப்பு மிகுந்திருந்தது களத்தில் அல்ல. களத்துக்கு மிகத் தொலைவில் இருந்த பத்திரிகை அலுவலகங்களிலும் ஊர்க் கூட்டங்களிலும்தான்.

தாம் எங்கே கொண்டுசெல்லப்படுகிறோம் என்பதை வீட்டுக்குத் தெரிவிக்க வழியில்லாத நிலையில், பிராக்கில்ஸ்பி செய்தது குறிப்பிடத் தக்கது. களத்திலுள்ளவர்களுக்கு அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று தரப்படும். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் இருக்கிறேன், தளத்துக்கு அனுப்பப்படுகிறேன், உங்களிடமிருந்து நெடுநாளாகக் கடிதமில்லை என்பன போன்ற ஆயத்த வாக்கியங்களில் பொருந்தாதவற்றை அடித்துவிட்டு அனுப்பலாமே தவிர, சொந்தமாக ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை கிழிக்கப்பட்டுவிடும். அவர் தாம் அனுப்பப்படுவதைச் சொல்லும் தொடரை அடிக்காமல் விட்டுவிட்டு, மற்ற வரிகளில் ஓரிரு எழுத்துகளை மட்டும் தப்பவிட்டு மீதியை அடித்தார். எஞ்சிய எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் பூலோன் என்ற ஊரின் பெயர் வந்தது. தணிக்கையாளர் கண்ணில் அது படவில்லை. அட்டை பெற்றோரை அடைந்து, அவர்கள் வழியே செய்தி நாடாளுமன்ற உறுப்பினர்களை எட்டியது. மறுப்பாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்படிப்பட்ட துண்டுத் தகவல்கள்தாம் கைகொடுத்தன.

தேடியவர்களில் முதன்மையானது, கட்டாயச் சேவை எதிர்ப்புத் தோழமை என்ற அமைப்பு. பத்திரிகை ஆசிரியர் ஃபென்னர் பிராக்வேயின் மனைவி லில்லாவின் யோசனையில் 1914 இறுதியில் பிறந்த இந்த அமைப்புக்குக் கிளிஃபோர்டு ஆலன் தலைமை தாங்கினார். 1916 ஏப்ரலில் இலண்டன் பிஷப்ஸ்கேட்டிலுள்ள குவேக்கர் மாளிகையில் அதன் மாநாடு நடந்தபோது, வெளியே சூழ்ந்திருந்த ஆத்திரக் கூட்டத்தைத் தூண்டிவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே கூடியிருந்தவர்கள் கைதட்டவோ ஆரவாரிக்கவோ இல்லை. பேச்சாளரைப் பாராட்ட வேண்டிய போதெல்லாம் கைக்குட்டைகளை உயர்த்தி வீசினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குச் செல்லச் செல்ல, அமைப்பைத் தாங்கியவர்கள் பெண்கள். பெண் வாக்குரிமை இயக்கத்தில் பயிற்சி பெற்ற கேத்தரின் மார்ஷல், ஒவ்வொரு மறுப்பாளரும் எந்தத் தீர்ப்பாயத்தில், எந்தப் படைமுகாமில், எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதை அட்டைகளில் பதிந்து, காவல்துறை வந்து அள்ளிச்சென்றாலும் வேலை நிற்காதபடி நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்திருந்தார். யார் எங்கே இருக்கிறார் என்பது போர்த்துறையைக் காட்டிலும் அவருக்கே நன்கு தெரிந்திருந்தது என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பதிவேடு முழுமை பெற்றிருந்தது.

பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் சுடப்படக்கூடும் என்ற அச்சம் பரவியபோது, ஆக்ஸ்போர்டின் கிரேக்கப் பேராசிரியர் கில்பர்ட் மரே பிரதமரைச் சந்தித்தார். மரே அமைதிவாதி அல்லர். பிரிட்டன் போரில் இறங்கியது சரி என்று வெளிப்படையாக எழுதியவர். நியாயப் போர் என்று ஒன்று உண்டு என நம்பிய ஒருவர், அந்தப் போருக்குள்ளேயே அரசு செய்யக் கூடாத செயல் உண்டு என்று வாதாடப் போனது, இந்தத் தொடரில் முன்பு பேசப்பட்ட இரு கிளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்ட அரிய இடம். அமைச்சரவையின் ஒப்புதல் இல்லாமல் மறுப்பாளர் எவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றலாகாது என்ற அறிவுறுத்தல் இராணுவத் தலைமைக்குச் சென்றது. ஆனால் பூலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு அது தெரியாது.

1916 ஜூன் 15-ஆம் நாள், பூலோனுக்கு அருகே ஹென்ரிவீல் முகாமின் அணிவகுப்புத் திடலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்க, முதல் நால்வர் முன்னே அழைக்கப்பட்டார்கள். வங்கி எழுத்தரும் குவேக்கருமான ஹாவர்டு மார்டன் அவர்களில் முதல்வர். அதிகாரி குற்றத்தை வாசித்தார். பிறகு, சுட்டுக் கொல்லப்பட வேண்டும் என்ற தீர்ப்பை வாசித்து நிறுத்தினார். தலைமைத் தளபதி ஹேக் அதை உறுதிசெய்திருக்கிறார் என்று வாசித்து மீண்டும் நிறுத்தினார். அதன் பிறகே, தண்டனை 10 ஆண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்ற வரி வந்தது. அந்த இடைவெளிகளில் தம்மோடு தமக்குத் தொடர்பற்றுப்போன ஒருவரைப் போல நின்றதாக மார்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அடுத்த சில நாள்களில் மற்றவர்களுக்கும் இதே முறையில் தண்டனை வாசிக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கப்பட்டுக் குறைக்கப்பட்டவர்கள் மொத்தம் 35 பேர்.

அந்தத் திடலுக்குத் தென்கிழக்கே சோம் ஆற்றங்கரையில் இரண்டே வாரம் கழித்து, ஜூலை 1-ஆம் நாள், பிரிட்டிஷ் படை ஒரே பகலில் 57,470 பேரை இழந்தது. இறந்தவர்கள் மட்டும் 19,240. இந்தக் கணக்கை அருகில் வைத்துப் பார்க்காமல் மறுப்பாளர்களின் துயரத்தை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அன்று வீழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கிச்சனரின் அழைப்பை ஏற்று விருப்பத்தோடு வந்தவர்கள். தம் மனச்சான்று சொன்னபடி நடந்தவர்கள். மகனைப் பறிகொடுத்த தாய், பக்கத்து வீட்டு இளைஞன் உயிரோடு சிறையில் இருப்பதைக் கண்டு கொதித்ததைக் குற்றமென்று தள்ள முடியாது. இன்னும் கசப்பான ஒப்பீடு ஒன்று உண்டு. மறுப்பாளர் ஒருவரும் சுடப்படவில்லை. ஆனால் களத்தைவிட்டு ஓடுதல், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் படை தன் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் குண்டுமழையில் மனம் சிதைந்தவர்கள். அவர்களுக்காகப் பிரதமரிடம் செல்லப் பேராசிரியர் எவரும் இல்லை. 2006-இல்தான் பிரிட்டன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. கொள்கையை எடுத்துச்சொல்லத் தெரிந்தவரின் மறுப்பை அரசு கடைசியில் மதித்தது. சொல்லத் தெரியாமல் உடல் நடுங்கி மறுத்தவனை அது மதிக்கவில்லை. மனச்சான்றுப் பிரிவின் மிகப் பெரிய குறை இதுவே.

பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் நாட்டில் தண்டிக்கப்பட்டவர்களும் குடிமைச் சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். போர்க்காலம் முழுவதிலும் ஏறத்தாழ 6,000 பேர் இராணுவ நீதிமன்றங்களால் தண்டிக்கப்பட்டார்கள். கடுங்காவல் என்பது தொடக்க வாரங்களில் மெத்தையில்லாத பலகைப் படுக்கை, குறைந்த உணவு, அஞ்சல் பைகள் தைக்கும் வேலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைதிகள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்ற மௌன விதி. தண்டனைக் காலம் முடிந்து வெளியே வருபவரை வாயிலிலேயே மறுபடி படைமுகாமுக்குக் கொண்டுபோவார்கள், அவர் மறுபடி சீருடையை மறுப்பார், மறுபடி தண்டனை. ஒரே மறுப்புக்கு மூன்று நான்கு முறை தண்டனை பெற்றவர்கள் உண்டு. லிவர்பூலின் வால்டன் சிறையில் பிராக்வே, கழிப்பறைத் தாளில் எழுதிச் சுற்றுக்கு விட்ட இரகசியச் செய்தியிதழ் அந்த மௌன விதிக்கு அவர் தந்த பதில்.

சிறையிலிருப்போரின் மனச்சான்று உண்மையானது என்று கண்டால் வெளியே வேலை தரலாம் என்று உள்துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி முதலில் திறக்கப்பட்ட முகாம்களில் ஒன்று, ஸ்காட்லாந்தின் ஆபர்டீன் அருகே டைஸ் கல்குவாரி. சிறையில் மெலிந்த நகரத்து இளைஞர்கள் மழை ஒழுகும் பழைய கூடாரங்களில் தங்கிக் கருங்கல் உடைத்தார்கள். செப்டம்பரில் அவர்களில் 20 வயதுக் கட்டடக் கலைப் பயிற்சியாளர் வால்டர் ராபர்ட்ஸ் நிமோனியாவில் இறந்தார். பின்னர் டார்ட்மூர் சிறை அறைகளின் பூட்டுகள் அகற்றப்பட்டு, அது பணி மையம் என்று பெயர் மாற்றப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வைக்கப்பட்டார்கள். சிறையிலும் முகாமிலும் அனுபவித்தவற்றின் விளைவாக இறந்தோர் 73 பேர் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு.

முழு மறுப்பாளர்களின் விடுதலைக்காக நடந்த எழுத்துப் போராட்டத்தில் பெர்ட்ரண்ட் ரசல் முன்னின்றார். ஓர் ஆசிரியருக்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கண்டிக்கும் துண்டறிக்கையை எழுதியவர் தாமே என்று அவர் செய்தித்தாளில் அறிவித்ததும், 1916 ஜூனில் 100 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி அவரது விரிவுரையாளர் பதவியைப் பறித்தது. 1918-இல் வேறொரு கட்டுரைக்காக அவர் பிரிக்ஸ்டன் சிறைக்கும் சென்றார். சிறைப்பட்ட குவேக்கர் ஸ்டீபன் ஹாப்ஹவுஸின் தாய் மார்கரெட், போரை ஆதரித்தவர். மற்ற மகன்களைப் படைக்கு அனுப்பியவர். மறுப்பாளர்களுக்காக அவர் பெயரில் 1917-இல் வெளியான நூலின் பெரும்பகுதியை எழுதியவர் ரசலே. அதன் தாக்கத்தால் அவ்வாண்டு டிசம்பரில் உடல்நலம் குன்றிய முழு மறுப்பாளர்கள் சிலர் விடுவிக்கப்பட்டார்கள். காசநோயோடு வெளியே வந்த கிளிஃபோர்டு ஆலன் அவர்களில் ஒருவர்.

போர் 1918 நவம்பரில் முடிந்தும், கடைசி மறுப்பாளர் விடுதலையாக 1919 ஆகஸ்டு ஆயிற்று. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1918-ஆம் ஆண்டுச் சட்டமே, மறுப்பாளர்களின் வாக்குரிமையை 5 ஆண்டுகளுக்குப் பறித்தது. இவர்களால் போர் ஒரு நாள்கூடச் சுருங்கவில்லை. ஒரு பீரங்கிகூட வாயடைக்கவில்லை. அந்த அளவுகோலால் அளந்தால் அவர்கள் தோற்றவர்கள். ஆனால் முழுப் போரில் ஈடுபட்ட ஓர் அரசு, தன்னிடம் சட்டமும் சிறையும் துப்பாக்கியும் இருந்தும், குடிமகனிடம் கட்டளையிட்டுப் பெற முடியாதது ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்ததே, அந்த எல்லையை அடையாளம் காட்டியவர்கள் அவர்கள். 1939-இல் மீண்டும் கட்டாயச் சேவை வந்தபோது, முந்தைய போரில் பர்மிங்காம் தீர்ப்பாயத்தில் அமர்ந்த அனுபவமுள்ள பிரதமர் நெவில் சேம்பர்லேன், மனச்சான்றை மதிக்கும் பிரிவை ஆதரித்துப் பேசினார்; தீர்ப்பாயங்களுக்கு நீதிபதிகள் தலைமை தாங்கினார்கள்; இராணுவப் பிரதிநிதிக்கு அங்கே இடமில்லை. இம்முறை பதிவுசெய்த மறுப்பாளர்கள் ஏறத்தாழ 60,000 பேர். எவரும் மரண தண்டனை கேட்கத் திடலில் நிறுத்தப்படவில்லை.

இதனால் அமைதிவாதம் வென்றதாக எழுதிவிட முடியாது. 1936-இல் ஸ்பெயினில் பாசிசத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தியபோது, சர்வதேசப் போர் எதிர்ப்பாளர் அமைப்புக்குத் தலைமை தாங்கிய அதே பிராக்வே, தம் முழு அமைதிவாதத்தைக் கைவிட்டார். கல்கத்தாவில் பிறந்து, இந்திய விடுதலைக்கு வாழ்நாள் முழுவதும் குரல் கொடுத்த அவருக்கு, ஒடுக்கப்பட்டவர் எதிர்த்து நிற்பதும் ஒடுக்குபவர் படையெடுப்பதும் ஒன்றல்ல என்று பட்டது. இட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கத் தொடங்கியபின் ரசலும் போரை ஆதரித்தார். இருவரும் 1916-இல் தாம் செய்ததைத் தவறென்று ஒருபோதும் சொல்லவில்லை. ஒரு போரை மறுத்தவர் இன்னொரு போரை ஏற்பது கொள்கைத் தடுமாற்றம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பாயத்தில் கேட்கப்பட்ட அந்தப் பழைய கேள்வியின் குழப்பமே அவர்களது கணிப்பிலும் ஒலிக்கிறது. போர் தோறும் தன் மனச்சான்றைப் புதிதாகக் கேட்கும் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க மறுத்ததுதான் இருவரும் இரண்டு காலத்திலும் செய்தது.

மனச்சான்றின் பேரில் மறுக்கும் உரிமை இன்னும் எல்லா நாட்டிலும் நிலைபெறவில்லை. ஐ.நா. மனித உரிமை ஆணையம் 1987-இல் அதை ஏற்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஆர்மீனிய இளைஞர் ஒருவரின் வழக்கில் 2011-இல்தான் அதை உறுதிசெய்தது. தென் கொரியா, 1950-க்குப் பின் ஏறத்தாழ 19,000 இளைஞர்களைச் சிறையில் அடைத்த பிறகு, 2018-இல் அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பால் மாற்றுப் பணிக்கு வழிவிட்டது. அந்தப் பணி 36 மாதங்கள், சிறைச்சாலைகளுக்குள்.

பிராக்வேயும் அவரது தோழர்களும் பிரிட்டிஷ் சிறைகளில் இருந்த 1918-ஆம் ஆண்டின் கோடையில், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அகிம்சையின் பேரில் புகழ்பெற்ற ஒருவர் ஊர் ஊராக நடந்து, அதே பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். காந்தி அப்படிச் செய்ததற்கான காரணங்களையும், நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் அதற்கு எழுதிய மறுப்பையும் அடுத்த பகுதி ஆராயும்.